புள்ளி நாலு மில்லிமீட்டர்

சிதம்பரம்
4.8.2025

அன்புள்ள ஜான்சிக்கு,

நலம். நீயும் அப்பாவும் அம்மாவும் நலமா?

உன் நம்பருக்குப் போட்டால் ஒரு ரிங்கோடு நின்றுவிடுகிறது. பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. அதனால்தான் கடிதம். முதுநகர் வீடு மாறவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதக் கடைசியில் என் தீசிஸைக் கொடுக்க வேண்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த நத்தை ஆராய்ச்சியில் என் பங்கு ஓடுகள், சிதம்பரத்து வாழைக்கொல்லைகளில் பொறுக்கியவை, டிபார்ட்மென்ட் அலமாரியில் இருக்கின்றன. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் நீ பொறுக்கிய இருநூற்றுப் பன்னிரண்டு ஓடுகளும் உன்னிடமே தங்கிவிட்டன. அவற்றையும் சேர்த்து வைத்தால் தீசிஸுக்கு நல்லது. உன் அப்பா இன்னும் கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில்தானே கண்டக்டர்? அவரிடம் கொடுத்தால் நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்வேன். வேண்டாம், அவரிடம் கொடுக்க வேண்டாம். அவருக்கு எதற்குச் சிரமம். பார்சலில் அனுப்பு.

நம் கைடு அருள்முருகன் சார் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
வெண்மதி


கடலூர் முதுநகர்
11.8.2025

வெண்மதி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி.

கைடு என்னை விசாரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என் இடது கையைக் காட்டிக் கடைசியாகப் பேசிய வார்த்தை "நொட்டாங்கையால வெர்னியரப் புடிச்சா இப்படித்தாம்மா வரும்" என்பது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவருக்கு என் மேல் அக்கறை வந்திருந்தால் சந்தோஷம்தான்.

தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. என் ஓடுகளில் முப்பதை நாம் இரண்டு பேரும் தனித்தனியாக அளந்தோம். நுனியிலிருந்து வாய் உதட்டின் அடிவரை உயரம், பிறகு குறுக்கே அகலம். இரண்டு பேர் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடே. முப்பதிலும் என் எண் உங்கள் எண்ணைவிடப் புள்ளி நாலு மில்லிமீட்டர் குறைவு. ஒன்றிரண்டில் குறைந்திருந்தால் சார் விட்டிருப்பார். "இவ ஓட்டச் சாச்சுப் புடிக்கிறா சார், நொட்டாங்கை, அதான்" என்று முதலில் சொன்னது அவர் இல்லை, நீங்கள். கோல்டு மெடல் வாங்கிய உங்கள் கை தப்பாக அளக்காது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது இங்கே ஒரு பிரைவேட் ஸ்கூலில் வேலை. விலங்கியல் படித்தவளை இயற்பியல் லேபுக்கும் சேர்த்து அனுப்புகிறார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனையே வெர்னியர் அளவி. என் நேரத்தைப் பார். நான் அளந்து காட்டுவதில்லை. யாராவது ஒரு பிள்ளையை அளக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்வேன். என் கை பட்டால் தப்பாகிவிடும் என்று எனக்கே ஒரு பயம்.

ஓடுகள் ஊறுகாய் பாட்டில்களில் பஞ்சு வைத்து பீரோவுக்கு மேலே இருக்கின்றன. தரமாட்டேன். தீசிஸுக்கு எண் போதும், எண்கள் உன்னிடம் இருக்கின்றன. திடீரென்று ஓடு எதற்கு? அதை முதலில் சொல்.

ஜான்சி


சிதம்பரம்
17.8.2025

ஜான்சி,

உன் கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிட்டேன். கோழி கிளறியது போல இருக்கிறது. வலது கையால் எழுதுகிறாயா? எனக்குத் தெரிய வேண்டும். இல்லை, தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்.

சார் உன்னை விசாரிக்கவில்லை. அது பொய். தீசிஸுக்கு ஓடு வேண்டும் என்றதும் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். இப்போது சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

2023 நவம்பர் மழையில் நான் அளக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு நாள் என் வெர்னியர் மேஜையிலிருந்து மொசைக் தரையில் விழுந்தது. நீ அன்று தோப்புக்குப் போயிருந்தாய். எடுத்துத் துடைத்துவிட்டு அளக்க ஆரம்பித்தேன். தாடையை மூடினால் எண் சுழியத்தில் நிற்கிறதா, சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. உன் பிளஸ் ஒன் பிள்ளைகள்கூட முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த முப்பது ஓடு. அதற்குப் பிறகுதான் "நொட்டாங்கை" என்ற என் பேச்சு.

நீ காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய் ஒன்பதாவது நாள். ஃபர்ஸ்ட் இயர் பெண்களுக்குக் காட்டுவதற்காக வெர்னியரை மூடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். இரண்டு தாடையும் ஒட்டிய பிறகும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. எண்ணைப் பார்த்தேன். புள்ளி நாலு. பெண்களை அனுப்பிவிட்டு அதைப் பெட்டியில் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் உன் அப்பா வந்தார். இரண்டு டிரிப்புக்கு நடுவில், காக்கிச் சட்டையோடு, தோளில் டிக்கெட் பை. சாருக்கு எதிரில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "தப்பா அளந்துட்டாளாம் சார். சின்னதுலயே நொட்டாங்கைய அடிச்சுத் திருத்தியிருக்கணும். திருத்தாம வுட்டது எந்தப்பு. அவள மன்னிச்சிருங்க" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். சார் அவரிடம், "அவளுக்கு ஆராய்ச்சி சரிப்படாதுங்க, டீச்சர் வேலைக்கு அனுப்புங்க" என்றார். நான் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "ஏம் பாப்பா, கூடப் பொறந்தவ மாரி இருந்தீங்க. நீயாச்சும் சொல்லித் திருத்தியிருக்கலாமே" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொன்னேம்பா. அவதான் கேக்கல" என்றேன். அந்த நிமிஷம் என் நாக்கு அழுகி விழுந்திருக்கலாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு சொல்ல வாயே வரவில்லை. அந்த வெர்னியரை ரிப்பேர் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன். நம் கட்டுரை வெளிவந்தது. பண்ருட்டி நத்தைக்கும் சிதம்பரம் நத்தைக்கும் ஓட்டு அளவில் வித்தியாசம் இல்லை என்பது முடிவு. இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. உன் பெயர் இரண்டாவது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கட்டுரைக்காகச் சார் உன்னை எல்லாவற்றையும் வீட்டிலேயே திரும்ப அளந்து அனுப்பச் சொன்னார். நீ அனுப்பிய புது எண்கள் அந்த முப்பது ஓட்டிலும் என் தப்பான அளவோடு அப்படியே பொருந்தின. உன் வெர்னியர் சரி. அப்படியானால் எப்படிப் பொருந்தும்? தீசிஸ் எழுத உட்கார்ந்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால்தான் ஓட்டைக் கேட்டேன். உனக்குத் தெரியாமல் நானே அளந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போதுகூட எனக்குத் திருட்டுப் புத்திதான் பார்.

வெண்மதி


கடலூர் முதுநகர்
24.8.2025

வெண்மதி,

உன் கடிதம் வந்து நாலு நாளாயிற்று. மூன்று நாள் அதைக் கையில் எடுக்கவே இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, படித்து முடித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை, என்னிடமே இருக்கிறது.

ஆமாம், வலது கையால்தான் எழுதுகிறேன். போர்டிலும் வலது கையால்தான். பிள்ளைகள் என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் திரும்ப அளக்கவே இல்லை.

சார் அளக்கச் சொல்லி அனுப்பிய பிறகு பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒரு ஓட்டைக்கூட வெளியே எடுக்கவில்லை. திரும்ப அளந்து திரும்பவும் குறைவாகவே வந்துவிட்டால் என்ன செய்வது? அப்புறம் என் கைக்கு விமோசனமே இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில், ஒரே சாயங்காலத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு எண்ணிலும் புள்ளி நாலைக் கூட்டி எழுதினேன். கூட்டல் கணக்கு மட்டும் தப்பே வரவில்லை. சரியாக இருந்த எண்களை நானே உட்கார்ந்து தப்பாக்கினேன். ஒரே ஒரு ஓட்டை அளந்திருந்தால் போதும். என் வெர்னியரின் சுழியை நூறு தடவை மூடித் திறந்து பார்த்திருக்கிறேன். உன்னுடையதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

நீ செய்தது துரோகம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. என் கையை நானே நம்பவில்லை. அந்த வெட்கம் உன் மேல் இருக்கிற கோபத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

அருள்முருகன் சாரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் மனசாட்சி. எனக்கு ஒன்றுதான் வேண்டும். என் அப்பாவிடம் நீ சொல்ல வேண்டும். நேரில். நீ அன்று வாசலில் சொன்னதை அவர் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தார். "சிநேகிதி சொல்லியும் கேக்கலயாமே. அவ்ளோ திமிரா ஒனக்கு?" என்றார். அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறார். ஆனால் என் கையில் டீ டம்ளரைக் கொடுத்தால்கூட ஜாஸ்தியாக ஒரு கணம் பிடித்துக்கொண்டிருப்பார், நான் போட்டுவிடுவேனோ என்று.

ஜான்சி


சிதம்பரம்
7.9.2025

ஜான்சி,

வியாழக்கிழமை சாரிடம் சொல்லிவிட்டேன். வெர்னியர் விழுந்தது, நான் மறைத்தது, எல்லாம். நீ எண்களைக் கூட்டி எழுதியதை நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அவர் உன் புது எண்களை எடுத்து என் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "முடிவு ஒண்ணும் மாறலயேம்மா. ரெண்டு பக்கமும் புள்ளி நாலு ஜாஸ்தி, அவ்ளோதான். வித்தியாசம் இல்லன்னு சொன்னோம், வித்தியாசம் இல்லதான். எதுக்கு இப்ப கெளறிக்கிட்டு?" என்றார். அவர் சொன்னது கணக்குப்படி சரி. ஒரு கணம் எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

"அப்ப ஜான்சி சார்?" என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடி வைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் அனுப்பலாம் என்றார். என் ஓடுகள் இருநூற்று நாற்பதையும் மறுபடி அளக்க வேண்டும். தீசிஸ் இந்த வருஷம் இல்லை. அடுத்த மாதம் லெக்சரர் வேலைக்கு ஒரு இன்டர்வியூ இருந்தது, அதற்கும் போக முடியாது. இதை உன் பரிதாபத்துக்காக எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

இனி உன் அப்பா விஷயம். மூன்று நாள் அவருடைய காலை பத்து இருபது வண்டியில் ஏறினேன். முதல் நாள் பார்த்ததுமே, "வா பாப்பா. அந்தாண்ட ஒக்காரு, இந்தப் பக்கம் வெயிலடிக்கும்" என்றார். கடலூருக்கு டிக்கெட் எடுத்தேன். பி.முட்லூர் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், கூட்டம் ஏறியது. புதுச்சத்திரத்தில் நினைத்தேன். ஆலப்பாக்கத்தில் அவரே என் பக்கம் வந்து நின்றார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது, "ஜான்சியப் பாக்கவா? அவ ஸ்கூல்ல இருப்பாளே" என்றார். வேறு வேலையாக வந்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள், "என்னா பாப்பா, டெய்லி கடலூரு? வேல கீல கெடச்சிருச்சா?" என்று சிரித்தார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

சாரிடம் சொல்ல முடிந்தது. இவரிடம் முடியவில்லை. திட்டுகிறவராக இருந்தால் சொல்லிவிடுவேன் ஜான்சி. நிழலில் உட்காரச் சொல்கிறவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துவிடட்டுமா? தயவு செய்து சரி என்று சொல்.

வெண்மதி


கடலூர் முதுநகர்
11.9.2025

வெண்மதி,

கடிதம் கூடாது. அப்பாவுக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் உன் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க, நான் எதிரில் நின்று பார்க்க வேண்டுமா? அந்தத் தண்டனை எனக்கு எதற்கு?

பஸ்ஸுக்குள்ளேயும் சொல்லாதே. நாலு பேர் முன்னால் அவர் முகம் மாறக் கூடாது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டதும் டீ குடிக்க இறங்குவார். டிரைவர் கண்ணாயிரம் அண்ணன் டீ குடிக்க மாட்டார், வண்டியிலேயே படுத்துக்கொள்வார். அப்பா தனியாக இருக்கும் நேரம் அந்தக் கால் மணிதான்.

சார் "கெளறிக்கிட்டு" என்று சொன்னதற்கு நீ எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதை இரண்டு தடவை படித்தேன். திருத்தத்தில் என் பங்கில் நடந்ததை நானே எழுதித் தருகிறேன், கூட்டி எழுதியது உட்பட. ஒளித்து வைத்தால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். இப்படி எழுதுவது கொடூரம்தான். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

பாட்டில்களை இறக்கினேன். ஸ்கூல் லேபுக்குப் பத்து ஓடு கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, இடது கையால் அளந்தேன். ஏதோ திருட்டு வேலை செய்கிறவள் மாதிரிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. எட்டு ஓட்டில் என் பழைய எண் அப்படியே வந்தது. இரண்டில் புள்ளி ஒன்று வித்தியாசம், அது யாருக்கும் வரும். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துவிடாதே.

ஜான்சி


சிதம்பரம்
19.9.2025

ஜான்சி,

இன்று சொல்லிவிட்டேன்.

டீக்கடைக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே. "அன்னைக்கு ஜான்சி அளந்ததுதான் சரிப்பா. ஏங் கருவிதான் தப்பு. நீங்க வந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவ கேக்கலன்னு பொய் சொன்னேன்" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ இருந்தது. ஏதாவது கேட்பார் என்று நின்றேன். "செரி பாப்பா, வண்டி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நேரம் இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வண்டிக்குள் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பும் வரை நான் அங்கேயே நின்றேன், அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டில் என்ன சொன்னார்? எதுவாக இருந்தாலும் எழுது. என்னைத் திட்டியிருந்தால் அதையும் விடாமல் எழுது.

வெண்மதி


கடலூர் முதுநகர்
29.9.2025

வெண்மதி,

அப்பா உன்னைத் திட்டவில்லை. உன் பெயரைக்கூட எடுக்கவில்லை. உனக்கு அது ஆறுதலாக இருக்காது என்று தெரியும். எனக்கும் இல்லை.

அன்று வந்ததும் டூட்டியில் அலுப்பு என்று படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. நீ சொல்லிவிட்டாயா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. நேற்று ஓய்வு நாள். அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு தப்பு செய்த பையன் ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிற்பானே, அந்த மாதிரி.

"பஸ்ல சீட்டுக்கு ரெண்டு பேரு சண்ட போட்டாக்கூட ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் நான் பேசுவேன். முப்பது வருசமா அப்படித்தான். ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே பாப்பா" என்றார். வடிதட்டைப் பிடித்தபடி நின்றேன். நான் திரும்ப அளக்காமல் எண்ணைக் கூட்டி எழுதியதையும் அப்போது சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நாந்தான் ஒன்ன அந்த மாரி பயப்பட வெச்சிட்டேன்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதை மறுக்காமல் நின்றேன், அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

திருத்தத்துக்கான என் பக்கம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டையும் அளந்து முடிக்க எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஓடுகளைத் தரமாட்டேன், எண்களைத் தருகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வருமா என்று பார்த்தேன். இப்போதைக்கு வரவில்லை. உன் நம்பரை மட்டும் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். உடனே போட்டுவிடாதே.

அப்பா சாப்பிட உட்கார்ந்த பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் ஒன்று கேட்டார். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ படித்தவள், உனக்குத் தெரிந்தால் எழுது.

"அந்த சார இவ்ளோ ஒசரத்துக்குக் கையத் தூக்கிக் கும்பிட்டேனே பாப்பா. போட்ட கும்பிடு, அத எப்படித் திரும்ப வாங்குறது?" என்றார்.

ஜான்சி